தண்ணீரூற்று நிலையத்தில் கேளுங்கள்

சுமித்திராவிடம் வழி கேட்டு யாரும் தொலைந்து போனதில்லை. கேட்காமலே வழி சொல்லுகிற ஆள் அவள். கிளிநொச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் ஒரு துண்டுக் கடதாசியோடு யாராவது அங்குமிங்கும் பார்த்தால் போதும், பக்கத்தில் போய் நின்றுவிடுவாள். எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், அந்த ஆள் இந்நேரம் கந்தோரில் இருப்பாரா, சாப்பிடப் போயிருப்பாரா என்பது வரைக்கும் சொல்லித்தான் அனுப்புவாள். ஒருமுறை அவளைப் பெண் பார்க்க வந்தவர்களே சந்தியில் வான் வண்டியை நிறுத்தி, அவளுடைய அப்பா வீரகத்தியின் வீடு எது என்று அவளிடமே கேட்டார்கள். வாய்க்கால் கரையால் போய், மதகைத் தாண்டி, இரண்டாவது படலை என்றாள். நாய் குலைக்கும், ஆனால் கடிக்காது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் நூலகத்துக்குப் போய்விட்டாள். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. ஆனால் வந்தவர்கள் வீட்டைப் பிசகாமல் கண்டுபிடித்தார்கள், அதை யாரும் மறுக்க முடியாது.

இந்தக் குணம் தாய் விமலேஸ்வரியிடமிருந்து வந்தது. உருத்திரபுரத்தில் அந்த வீட்டில் ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு இடமில்லை. தெரியாவிட்டால் தெரிந்த ஆளைக் காட்ட வேண்டும், அந்த ஆளும் இல்லாவிட்டால் கூடவே போய்த் தேட வேண்டும். தேடி வருகிறவனுக்கு மறுமொழி சொல்லாமல் விடுவது பாவம் என்பது விமலேஸ்வரியின் கட்சி. அதில் அவளோடு வாதாடி வென்றவர்கள் இல்லை.

வாதாட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. சுமித்திரா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், கடைசிச் சண்டைக் காலத்தில், ஊரோடு சேர்ந்து அவர்களும் இடம்பெயர்ந்து போனார்கள். வீதியோரம் தறப்பாள் கட்டி இருந்த நாள்களில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: இன்னாரைக் கண்டீர்களா? விமலேஸ்வரி அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்வாள். அவையள் நேற்று விசுவமடுப் பக்கம் போனவை, இவையின்ர கிழவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் வாயால் சேர்ந்த குடும்பங்கள் இன்றைக்கும் கோயில் திருவிழாவில் அவளைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள்.

பிறகு அவளுடைய மனுசன் வீரகத்தியே சனத்துக்குள் தொலைந்துபோனார். செட்டிகுளம் முகாமுக்குத் தாயும் மகளும் மட்டும் வந்து சேர்ந்தார்கள். அங்கே தண்ணீருக்கு நின்ற வரிசையில், முன்பின் அறியாத ஒரு பெண் திரும்பிப் பார்த்து, “உருத்திரபுரம் வீரகத்தியோ? அவர் மற்றப் பக்கத்து முகாமில நிக்கிறார், காலில காயம், உயிருக்கு ஒண்டுமில்லை” என்றாள். அந்தப் பெண் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீரகத்தி இன்றைக்கும் சற்றே சாய்ந்து நடந்து வயல் பார்க்கிறார் என்றால், அந்த ஒருத்தி வாயைத் திறந்ததால்தான் என்று அந்த வீடு நம்புகிறது. அப்படி நம்புகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

படித்து முடித்துக் கணினிப் பக்கம் போனவளுக்கு, கிளிநொச்சியில் இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கந்தோரில் வேலை கிடைத்தது. நடத்துகிறவர் பிரதாபன், அவளைவிடச் சில வயது மூத்தவர், எதற்கும் பதறாத மனிதர். நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன் மதுசன். அவன் எழுதியதை நோண்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது சுமித்திராவின் வேலை. உடைந்தால் அந்த இடத்தில் கணினி மனிதர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் எழுதுவதையும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கேட்டு வாங்கியதற்குக் காரணம் கோபம்தான். கணினி பிழைக்கும்போது அது சொல்லும் வார்த்தைகளை எழுதுகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பது அவளுடைய எண்ணம். ‘பிழை ஏற்பட்டுள்ளது’ என்று சிவப்பில் ஒரு வரி. என்ன பிழை, யாருடைய பிழை, இனி எங்கே போவது, ஒன்றும் கிடையாது. படலை வரைக்கும் வந்த ஆளை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்புகிற வேலை. சுமித்திரா எழுதினால் அப்படி இருக்காது. ‘கவலைப்படாதீர்கள்’ என்று தொடங்குவாள். என்ன நடந்தது என்று சொல்வாள். அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்று காட்டுவாள். இது மென்பொருளா, மாமி வீடா என்று மதுசன் பகிடி பண்ணுவான். பண்ணட்டும் என்று விட்டுவிடுவாள்.

அந்தக் கந்தோருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பெண்களுக்குத் தையலும் கணக்கும் பழக்கி, தங்க இடமும் கொடுக்கிற ஒரு நிறுவனம். கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் தண்ணீரூற்றிலும் அதற்கு நிலையங்கள் இருந்தன. அங்கே பதிந்த பெண்கள் தங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போனால் வகுப்பு நேரம், டொக்டர் வரும் நாள், வாகனம் போகும் நேரம் எல்லாம் பார்க்கலாம். முதல் கூட்டத்துக்குத் தண்ணீரூற்று நிலையத்தின் பொறுப்பாளர் அனோஜா வந்திருந்தாள். மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, எதற்கும் சிரிக்கிறவள். நிலையத்தில் இருக்கிற சிலர் வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர்கள் என்று அவள் அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னாள். சுமித்திராவின் காதில் அது விழுந்தது. மனத்தில் ஏறவில்லை.

பிழை வரும் இடங்களை எல்லோரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும் என்று பிரதாபனும் அந்தக் கூட்டத்தில் சொன்னார்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அவரவர் வேலையை அவரவர் பாட்டில் செய்தார்கள். வாசல் பக்கத்தைப் பிரதாபன் செய்தார்: எது பிழைத்தாலும் ‘உள்நுழைய முடியவில்லை’ என்று மட்டும் வரும். கைபேசிச் செயலியை மதுசன் செய்தான். அவனுக்குப் பொறுமை குறைவு, எது பிழைத்தாலும் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று போட்டுவிட்டான். கடவுச்சொல் மறந்தவர்களுக்கான பக்கம் சுமித்திராவின் கைக்கு வந்தது. பதியாத இலக்கத்தைப் போட்டால், பதியவில்லை என்று சொல்லி, எப்படிப் பதிவது என்று விளக்கினாள். பதிந்த இலக்கமாக இருந்தால், ‘கவலைப்படாதீர்கள். உங்கள் பதிவு எங்களிடம் இருக்கிறது. தண்ணீரூற்று நிலையத்தில் கேளுங்கள், புதிய கடவுச்சொல் தருவார்கள்’ என்று, அந்தப் பெண் எந்த நிலையமோ அந்த நிலையத்தின் பெயரோடு சொல்ல வைத்தாள். அது போதாதென்று, அடியில் ஓர் உதவித் தொலைபேசி இலக்கமும் போட்டாள். அது அவளுடைய மேசையில் இருந்த தொலைபேசி.

எல்லோருக்கும் பிடித்திருந்தது. தங்கள் நிலையத்துப் பிள்ளைகள் இது நம்ம ஊர் ஆள் மாதிரிப் பேசுது என்று சிரிக்கிறார்கள் என அனோஜா ஒருநாள் சொன்னபோது, சுமித்திரா அன்றைக்கு முழுவதும் மதுசனைப் பார்த்துப் பார்த்து வாயெல்லாம் பல்லாக இருந்தாள்.

மாரி தொடங்கிய நேரம், ஒரு காலையில் அந்தத் தொலைபேசி அடித்தது.

பேசியவன் மரியாதையான ஆள். குரல் தாழ்ந்து, களைத்துப்போய், கேட்கிறவரின் மனத்தில் இரக்கம் வரும்படி இருந்தது. தன் மனைவி லக்சிகாவின் இலக்கத்தைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னான். கைபேசியில் போட்டால் அப்படி ஓர் ஆளே இல்லை என்கிறதாம். மறந்துவிட்டால் அழுத்துங்கள் என்ற இடத்தில் போட்டால் தண்ணீரூற்று நிலையத்தில் கேளுங்கள் என்கிறதாம். ஒரு மெசினுக்கு இரண்டு நாக்கு இருக்கலாமா, எதை நம்புவது என்று கேட்டான்.

நியாயமான முறைப்பாடு என்று சுமித்திரா நினைத்தாள். மதுசன் இருந்த பக்கம் ஒரு முறைப்பும் முறைத்தாள். இரண்டாவது சொன்னதுதான் சரி அண்ணை என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அதற்குள் இன்னும் நல்ல யோசனை வந்தது. அந்தப் பெண் தண்ணீரூற்று வரைக்கும் போய் மினக்கெடுவானேன், இங்கே இருந்தே சரிசெய்து கொடுத்தால் என்ன?

“அவாவிட்ட ஒருக்கா ஃபோனைக் குடுங்கோ அண்ணை,” என்றாள். “பிறந்த திகதியைக் கேட்டுப்போட்டு நானே இஞ்ச இருந்து மாத்தி விடுறன்.”

மறுபக்கம் ஓசை இல்லை. மழை பெய்கிற சத்தமும் எங்கோ ஒரு பஸ் திரும்புகிற சத்தமும்தான் கேட்டன.

“அவா இப்ப பக்கத்தில இல்லை,” என்றான்.

“அப்ப வந்தாப் பிறகு எடுங்கோ.”

மறுபடியும் அந்த மௌனம். பிறகு, “தங்கச்சி, நீங்களே பாத்துச் சொல்லுங்கோவன். அவள் தண்ணீரூற்றிலதானே நிக்கிறாள்?”

சுமித்திராவுக்கு விளங்கிவிட்டது. கடவுச்சொல் மறந்துபோன மனைவிக்காக எடுத்தவன் இல்லை இவன். மனைவி எங்கே என்று தெரியாதவன். ‘அவா’ ‘அவள்’ ஆனதையும்விட, அந்த மௌனம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. உண்மை சொல்கிறவனுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர்கள் என்று அனோஜா சிரிக்காமல் சொன்ன ஒரே ஒரு வார்த்தை அப்போதுதான் முழுசாக வந்து அவள் நெஞ்சில் ஏறியது. அந்தப் பிள்ளை ஓடி ஒளிந்த இடத்தை, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதலும் சொல்லி, ஊர்ப்பெயரோடு காட்டிக் கொடுத்தது வேறு யாரும் இல்லை. தான்தான்.

“அது மெசின் பிழை அண்ணை,” என்றாள். “எந்த இலக்கத்தைப் போட்டாலும் அப்பிடித்தான் காட்டும். அதை நம்பாதேங்கோ.”

பொய் சொல்லிப் பழகாத வாய். அவன் கோபப்படவில்லை, சரி தங்கச்சி, நன்றி என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த நன்றிதான் அவளைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

அவள் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் பிரதாபன் எழும்பி, கடவுச்சொல் மறந்தவர்களுக்கான பக்கத்தை இழுத்து மூடினார். பிறகு வாசல் பக்கத்தையும் செயலியையும் மூடப்பட்ட பக்கத்தையும் ஒன்றாக மேசையில் விரித்துப் பார்த்தார்கள். திருடன் பூட்டை உடைக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரே கேள்வியை மூன்று வாசலிலும் கேட்டு, பதில் எங்கே மாறுகிறது என்று பார்த்தாலே போதும். கதவைச் சாத்துவது பாவம் என்று நினைத்தவளுக்கு, கதவு திறக்காமலே உள்ளே இருப்பவர்களைக் காட்டும் என்று தெரியாமல் போய்விட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட இருந்தது நுணல் அல்ல, யாரோ பெற்ற பிள்ளை.

சுமித்திரா தண்ணீரூற்றுக்குத் தொலைபேசி எடுத்தாள். அனோஜாதான் பேசினாள். நடந்ததை மூச்சு விடாமல் சொல்லி, லக்சிகா என்று ஒரு பிள்ளை அங்கே நிற்கிறாளா, சுகமாக நிற்கிறாளா என்று கேட்டாள்.

“இங்க யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னு நாங்க யாருக்குமே சொல்றதில்லைங்க,” என்றாள் அனோஜா.

குரலைத் தெரியவில்லை போலும் என்று நினைத்து, நான் சுமித்திரா, மென்பொருள் கந்தோர் சுமித்திரா என்றாள். அது தெரியும் அக்கா என்றாள் அனோஜா. பொங்கலுக்கு வந்து உங்கள் அம்மாவின் கையால் சாப்பிட்டவள்தானே நான் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, முந்திய வசனத்தையே ஒரு சொல் மாறாமல் இன்னொரு தடவை சொன்னாள். அவன் வருவான், வீதியில் நிற்பான் என்று சுமித்திரா கிட்டத்தட்ட அழுதாள். “சொன்னது ரொம்ப நல்லதுக்கா. செய்ய வேண்டியதை நாங்க செய்வோம்,” என்றாள் அனோஜா. வேறு ஒன்றும் அவளிடமிருந்து பெயரவில்லை.

தொலைபேசியை வைத்தபோது சுமித்திராவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவள் என்ன கல்லா, கட்டையா? நான் என்ன ஒட்டுக் கேட்கிறவளா? ஒரு தலையாட்டல், ஒரு ‘ம்’, அதுகூடவா தரக்கூடாது? படியில் இறங்கிப் போய் இரும்புக்கடை வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பிளேன்ரீ ஒன்றை நீட்டினார். அதைக் கையில் வாங்கி, குடிக்காமல் நின்றாள்.

கோபம் கொஞ்சம் ஆறிய பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. குரல் தெரிந்த தனக்கே, சோறு போட்ட வீட்டுக்கே சொல்லாதவள் அவனுக்கா சொல்லப் போகிறாள்? அவன் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், எப்படி அழுதாலும், அண்ணன், தம்பி, கிராமசேவகர் என்று என்ன வேஷம் போட்டு வந்தாலும், அந்தப் படலையில் அவனுக்குக் கிடைக்கப் போவது அதே வசனம்தான். தனக்குக் கிடைத்த அதே வசனம். ஆள் பார்த்துப் பதில் மாறாத இடத்தில் பதிலை வைத்து ஒன்றையும் அறிய முடியாது. சற்று முன்பு வயிற்றெரிச்சலைக் கிளப்பிய அந்த வசனத்தை இப்போது நினைத்துப் பார்க்க, நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. ஆறிப்போன தேநீரை ஒரே இழுவையில் குடித்தாள். மற்றப் பாதி இறங்கவில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கே திருத்தத் தொடங்கினார்கள். எந்த வாசலில் எது பிழைத்தாலும் எல்லாம் ஓர் இடத்துக்குப் போய், அங்கிருந்து ஒரே வசனம் வெளியே வர வேண்டும் என்றார் பிரதாபன். சுமித்திரா மெல்ல மறுத்தாள். உண்மையிலேயே மறந்துபோகிற பிள்ளை என்ன செய்யும், அதைச் சும்மா திருப்பி அனுப்புவதா என்று கேட்டாள். அதற்கு வழி கண்டுபிடித்தது மதுசன். வழியைத் திரையில் காட்டாமல், பதிந்தபோது நிலையத்தில் கொடுத்த தொலைபேசிக்கு மட்டும் அனுப்பினால், தேடுகிறவன் கையில் அகப்படாது, மறந்தவள் கையில் போய்ச் சேரும். அவனை அவள் முதல் தடவையாகப் பாராட்டினாள். அவன் அதைக் கேட்டுக் கொஞ்சம் திகைத்துத்தான் போனான்.

அந்த ஒரே வசனத்தை எழுத அவளுக்கு ஒரு மத்தியானம் முழுதும் எடுத்தது. ‘கவலைப்படாதீர்கள்’ என்று தொடங்கி, அழித்தாள். கவலைப்பட வேண்டியவன் எவன், வேண்டாதவள் எவள் என்று அந்தத் திரைக்கு எப்படித் தெரியும்? கடைசியில், ‘இந்த இலக்கம் எங்களிடம் பதிந்ததாக இருந்தால், பதிந்த தொலைபேசிக்கு வழி அனுப்பப்படும்’ என்று எழுதி வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வறட்டு வசனம். அவள் எழுதியதிலேயே ஆகக் கஞ்சத்தனமான வசனம். ஆனாலும் அதைத் தொட மனம் வரவில்லை.

திருத்தியதை வழக்கம்போல் நோண்டிப் பார்த்தபோது ஒன்று அவள் கண்ணில் பட்டது. பதியாத இலக்கத்தைப் போட்டால் பதில் டக்கென்று வந்தது. பதிந்த இலக்கத்தைப் போட்டால், தொலைபேசிக்குத் தகவல் அனுப்பிவிட்டு வருவதால், கணினி ஒரு கணம் யோசித்துவிட்டு வந்தது. வசனம் ஒன்றுதான், மௌனம் வேறு. அதைக் காட்டியபோது பிரதாபன், இவ்வளவு சின்ன இடைவெளியை யார் கவனிப்பார்கள் என்று கேட்கவில்லை. நன்றாகக் கவனித்தாய் என்றார்.

“எனக்கு அவனைக் காட்டித் தந்ததே அதுதான் அண்ணை,” என்றாள் சுமித்திரா. “சொன்ன சொல்லில்லை. சொல்லமுதல் யோசிச்ச யோசனை.”

இரண்டு பதிலும் ஒரே நேரம் எடுத்து வரும்படி மதுசன் திருத்திக் கொடுத்தான்.

அதன் பிறகு நாள்கள் போயின. நிலையத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அனோஜா வேறு விஷயங்களுக்கு எடுத்தாள், சிரித்தாள், வாகன நேரத்தை மாற்றச் சொன்னாள், அந்தப் பெயரை மட்டும் எடுக்கவில்லை. சுமித்திராவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வசனம் வரும் என்று தெரியும். ஆனால் சோற்றில் கை வைத்தால் அந்தப் பிள்ளையின் நினைவு வரும். முகம் தெரியாத பிள்ளை. உயரமா, கட்டையா, கையில் குழந்தை உண்டா, ஒன்றும் தெரியாது. பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரை விமலேஸ்வரியிடம் சொல்லி அழுதும் விட்டாள். தாய்க்கு மகளுடைய வேலை முழுதாக விளங்காவிட்டாலும், பிள்ளை எங்கே என்பது மட்டும் விளங்கியது. தினமும் அதையே கேட்டாள். மகள் எழும்பி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், அந்தத் தொலைபேசி மறுபடி அடித்தது. குரலைக் கேட்ட உடனே தெரிந்துவிட்டது.

மரியாதை அப்படியே இருந்தது. ஆனால் அடியில் ஏதோ கரகரத்தது. தண்ணீரூற்றுக்குப் போய் வந்தானாம். மல்லாவிக்கும் போனானாம், கிளிநொச்சிக்கும் வந்தானாம். மூன்று இடத்திலும் பாடமாக்கி வைத்ததுபோல ஒரே வசனத்தைச் சொல்கிறார்களாம். தண்ணீரூற்றில் வீதியில் நின்று பார்த்ததற்குப் பொலிசையும் கூப்பிட்டுவிட்டார்களாம். சரி, மெசினையாவது கேட்போம் என்று போட்டால், முந்தி இரண்டு நாக்கால் பேசிய மெசினும் இப்போது எங்கே போட்டாலும் ஒன்றையே சொல்கிறதாம்.

“நீங்கள் அண்டைக்கு நல்லாக் கதைச்சனீங்கள் தங்கச்சி. நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டு விளங்கினது. தேடி வாற ஆளுக்கு மறுமொழி சொல்லாமல் விடுறது பாவம் இல்லையோ? எங்க எண்டு வேண்டாம். இருக்கிறாளோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

அந்த வார்த்தைகள் அவள் வீட்டு வார்த்தைகள். தாயின் அடுப்படி வார்த்தைகள். தண்ணீர் வரிசையில் திரும்பிப் பார்த்த பெண்ணின் முகம் மின்னலடித்தாற்போல் வந்துவிட்டுப் போனது. அப்பாவைத் தேடியவர்களும் இப்படித்தானே கேட்டார்கள்? ஆனால் அப்பா தேடப்பட விரும்பிய ஆள். அந்த வித்தியாசம் இவ்வளவு காலமும் அவளுக்குத் தேவைப்படவில்லை. இன்றைக்குத் தேவைப்பட்டது, தேவைப்பட்ட நேரத்தில் கையில் இருந்தது.

“ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை,” என்றாள் சுமித்திரா. யோசிக்கவில்லை. மூச்சு எடுக்கக்கூட நிற்கவில்லை.

அவன் இன்னும் இரண்டு தடவை கேட்டான். ஒரு தடவை அழுது கேட்டான், ஒரு தடவை ஏசிக் கேட்டான். அதே வசனம், அதே குரல், அதே வேகம். கடைசியில் தொலைபேசியை அடித்து வைத்தான்.

அவள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மதுசன் பதறி எழும்பி என்ன அக்கா என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். ஒன்றுமில்லை என்பதல்ல, எல்லாமே நல்லது என்று அவளுக்குள் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று ஊரும் அலைந்து, வீதியில் நின்று, பொலிசிடம் பேச்சு வாங்கி, கடைசியில் இந்தத் தொலைபேசியிடம் வந்து அழுகிறான். கண்டுபிடித்தவன் எதற்குக் கேட்கப் போகிறான்? அந்தப் பிள்ளை சுகமாக இருக்கிறாள் என்று அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான், அவனே எடுத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சுமித்திராவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டையும் தாவணி முனையால் துடைத்துவிட்டு, அனோஜாவுக்கு எடுத்து அவன் பேசியதை மட்டும் சொல்லி வைத்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் உருத்திரபுரம் பஸ்ஸில் யன்னலோரம் இருந்தாள். மழையில் குளித்த வயல் பச்சையாகக் கிடந்தது. இறங்கிய இடத்தில் வயலுக்குப் பசளை விற்க வந்த ஒருவர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கட்டடம் எங்கே என்று கேட்க, அவள் வழியையும் சொல்லி, செயலாளர் இந்நேரம் அங்கே இருக்கமாட்டார், வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லப் போய், வாயை மூடிக்கொண்டாள். கட்டடம் வரைக்கும் போதும் என்று விட்டுவிட்டாள். அவர் போன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது.

வீட்டில் விமலேஸ்வரி கோழிக்கு நெல் போட்டுக்கொண்டிருந்தாள். மகளின் முகம் தெளிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சுளகைக் கீழே வைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“அந்தப் பிள்ளை இப்ப எங்கயாம்?”

“எனக்குத் தெரியாதம்மா,” என்றாள் சுமித்திரா.

அந்த வீட்டில் அந்தச் சொல் விழுந்து எத்தனையோ காலம். விமலேஸ்வரி நிமிர்ந்து மகளையே பார்த்தாள். தெரிந்த ஆளைக் காட்டு என்று அவள் சொல்லவில்லை.

“நல்லது,” என்றாள். “கை காலைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்.”